ரெண்டு செஞ்சு ஒண்ண ஒடைக்கிற அண்ணி

பைபர் அண்ணி!

நீங்க போயி இன்னையோட அம்பத்தி மூணு நாளாச்சு. ஒங்க நெச பேர நான் இதுல எழுதல. வீட்டுல ஒரு நாளும் அந்தப் பேரச் சொல்லி நான் கூப்புட்டதில்ல. இப்ப எழுதினா வேற யாரோ ஒரு பொம்பளையப் பத்தி எழுதுற மாதிரி இருக்கும். லயத்துல, அதான் எங்க வரிசை வீடுங்கள்ல, சின்னது பெருசு எல்லாத்துக்கும் நீங்க பைபர் அண்ணி தான். வயசுல மூத்தவங்க கூட அப்படித்தான் கூப்புட்டாங்க. நானும் அப்படியே கூப்புடுறேன்.

அண்ணியத் தெரியாதவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். அவங்க எங்க அண்ணனோட சம்சாரம். எங்க வீட்டுல இருந்தது நாலே நாலு வருஷம். நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டம். தேயிலை பேக்டரிய நாங்க ஸ்டோருன்னு சொல்லுவோம். அங்க தூளு சலிக்கிறது என் வேலை. எட்டாம் வகுப்போட நின்னவ நான், எழுத்துல பெழ இருக்கும். மனசுல வர்றபடியே எழுதுறேன்.

அண்ணிக்கிட்ட ஒரு பழக்கம். எது செஞ்சாலும் ஒரே கலவையில ரெண்டு செய்வாங்க. ஒண்ண ஒடைப்பாங்க. அது எங்க ஒடஞ்சது, எப்படி ஒடஞ்சதுன்னு வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாப்பாங்க. மனசுக்குப் புடிச்சா தான் இன்னொண்ண ஆளுக்கிட்ட குடுப்பாங்க. புடிக்கலன்னா அதையும் ஒடச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து செய்வாங்க.

பக்கத்து வீட்டுக் காம்பரா அக்காவோட தண்ணி சுட வைக்கிற கேத்தலுக்கு ஒரு தடவ புடி போயிருச்சு. அண்ணி ரெண்டு புடி செஞ்சாங்க. ஒண்ண கதவு சந்துல மாட்டி, கால சொவத்துல ஊனிக்கிட்டு இழுத்தாங்க. படக்குன்னு போச்சு. அக்கா தலையில கைய வச்சுக்கிட்டாங்க.

"அடிப்பாவி! நல்லாத்தானே இருந்துச்சு. அதையும் எனக்கே குடுத்திருந்தா சட்டிக்கு மாட்டியிருப்பேனே!"

"அது எந்த எடத்துல போகும்னு தெரியாம ஒங்க கையில சுடுதண்ணியக் குடுக்க மாட்டேன்க்கா."

"ஒங்க வீட்டுல புருசன் ஒண்ணு தானே இருக்கு? பாத்துக்க, அத ஒடச்சுறாத."

அண்ணி சிரிச்ச சிரிப்பு லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சு.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே இந்தப் பழக்கத்த நாங்க பாத்துட்டோம். அவங்க வீடு ஹல்துமுல்லை பக்கம். எங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் கதிரையில ஒண்ணுக்கு காலு ஒடஞ்சு, அவங்களே ஒட்டியிருந்தாங்க. அண்ணன் போயி சரியா அதுல ஒக்காரப் போச்சு. பொண்ணு டீ தட்ட கீழ வச்சுட்டு ஓடி வந்து, "செத்த இருங்க"ன்னுட்டு, அவங்க அதுல ஒக்காந்து ஆட்டிப் பாத்து, அதுவும் பத்தாதுன்னு எந்திரிச்சு நின்னு பட்டுச் சீலையோட ஒரு குதி குதிச்சாங்க.

எங்க மாமா சொன்னாரு, "பொண்ணு நல்லா வேல செய்யும்னாங்க. சர்க்கஸ் காட்டும்னு யாரும் சொல்லலயே!"

"மாப்ள விழுந்தா என்னையத்தானே சொல்லுவீங்க," அப்புடின்னாங்க பட்டுன்னு.

அண்ணன் அங்கயே முடிவு பண்ணிருச்சு. ஆனா பஸ்ஸுல வரும்போது எங்கம்மா, "இது சட்டி பானைய ஒடைக்கிற கை"ன்னு மொணங்கிக்கிட்டே வந்தாங்க. நானும் ஆமா போட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துல அவங்களப் புடிக்கல. மறைக்க என்ன இருக்கு.

கல்யாணத்துக்கு முன்ன அண்ணி பதுளை டவுன்ல ஒரு பைபர் பட்டறையில வேல செஞ்சவங்க. முதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், நானான்னு கூப்புடுவாங்க. த்ரீவீல் பம்பர், தண்ணி டேங்க் எல்லாம் செய்வாங்களாம். ரெசின்னு தேன் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல ஹாட்னர் ஊத்திக் கலக்கி, அச்சுல கண்ணாடி நாரு துணிய விரிச்சு மேல பூசினா காஞ்சு கல்லாயிரும். அங்க ஒரு தடவ கேம்பஸ் புள்ளைங்க ரெண்டு பேரு வந்து, கண்ணாடி நாருக்குப் பதிலா நம்ம ரோட்டோரத்துக் கத்தாழை நாரப் போட்டு, கொஞ்சம் அலுமினியத் தூளும் கலந்து, பட்டை பட்டையா செஞ்சு தரச் சொல்லியிருக்காங்க. எவ்வளவு நாரு போட்டா எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு தூளு போட்டா தேயாம நிக்கும்னு பாக்குறதுக்கு. அண்ணி தான் கலந்து குடுத்தது. அப்புறம் ஒரு நாள் அந்தப் புள்ளைங்க அவங்களக் கூட்டிக்கிட்டுப் போயி ஒடைக்கிற மிசினக் காட்டியிருக்காங்க.

அதச் சொல்லும்போது அண்ணி மொகத்தப் பாக்கணும்.

"என் கையால செஞ்ச பட்டை, பாப்பா. மிசினு ரெண்டு பக்கமும் கடிச்சுப் புடிச்சு இழுக்குது. உள்ள டிக்கு டிக்குன்னு நாரு அறுபடுற சத்தம். அப்புறம் படார்னு போச்சு. ஐயோ போச்சேன்னு நான் நிக்கிறேன், அந்தப் புள்ள 'சூப்பர்க்கா'ங்குது. ஒடஞ்ச வாயக் காட்டுது. நாரு தாடி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா ரெசினு அதப் புடிக்கல, வழுக்கிக்கிட்டு வந்துருச்சுன்னு அர்த்தமாம். நாரும் சேந்து அந்த எடத்துலயே அறுந்திருந்தா கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தமாம். எனக்கு அன்னைல இருந்து எதப் பாத்தாலும் ஒடச்சு வாயப் பாக்கணும்னு இருக்கு."

எங்கம்மாவுக்கு சீனி வருத்தம், சக்கர வியாதி. அண்ணி வந்த ரெண்டாவது வருஷம் வலது கால்ல புண்ணு வந்து, ஆறாம, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில கால் குடுத்தாங்க. நல்ல கால் தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அது சமதரையில நடக்கிறவங்களுக்கான பாதம். எங்க லயத்துல இருந்து எங்க போகணும்னாலும் ஒண்ணு ஏறணும், இல்ல எறங்கணும். அஞ்சு மாசத்துல பாதம் மட்டும் வெடிச்சுப் போச்சு. மாத்துறதுக்கு முறை வரணும்னாங்க.

அம்மா வாசப்படியிலயே ஒக்காந்துட்டாங்க. பதினாலு வயசுல இருந்து மலை ஏறி கொழுந்து பறிச்ச மனுசி. காலையில வேலைக்குப் பேரு பதியிற பெரட்டுக்கு ஆளுங்க கூடையோட போறதப் பாத்துட்டு உள்ள திரும்பி சொவத்தப் பாத்துக்கிட்டு படுத்துக்குவாங்க. கோயிலுக்குக் கூப்புட்டா வரமாட்டாங்க. ரெண்டு வாய்க்கு மேல சாப்புட மாட்டாங்க. ஒரு நாள் என்கிட்ட, "இப்படியே போயிறலாம்டீ"ன்னாங்க. அம்மா எந்திரிச்சு நடக்கலன்னா எங்களுக்கு அம்மா இல்லன்னு அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு.

அண்ணிக்கும் அது தெரிஞ்சிருக்கு. "அத்த, பாதத்த நான் செஞ்சு பாக்குறேன்"னாங்க. ஆஸ்பத்திரியில கேட்டுட்டு, மேல் பகுதிய அப்படியே வச்சுட்டு, பாதம் மட்டும் அதே அளவுக்கு செய்யிறதுன்னு பேச்சு.

அச்சு எடுக்கப் போனப்ப தான் வேடிக்கை. அம்மாகிட்ட மிச்சம் இருக்குறது எடது காலு. வேணும்கிறது வலது. அண்ணி யோசிச்சு யோசிச்சுப் பாத்து, என் கால இழுத்து அளந்தாங்க. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே அளவு. என் வலது கால சாந்துக்குள்ள வச்சு அச்சு எடுத்தாங்க. சுண்டு வெரலு உள்பக்கமா வளைஞ்சிருக்குற என் கோணக்காலு அப்படியே வந்துச்சு.

"பாத்துக்குங்க அத்த. இனி மக காலால தான் நடக்கப் போறீங்க."

"அவ காலா? சோம்பேறிக் காலு. மேட்டப் பாத்தா நின்னுக்கும்," அப்புடின்னு அம்மா சொன்னாங்க. அஞ்சாறு மாசத்துல அம்மா பேசின மொத நக்கல் அது.

அலுமினியத் தூளு லேத் கடையில இருந்து அண்ணன் கொண்டாந்துச்சு. அத சலிச்சது நான். "பீஓபி மாதிரி பெருசு வேணாம் பாப்பா, டஸ்ட் மாதிரி இருக்கணும்"னு அண்ணி சொன்னதும் எனக்கு வெளங்கிருச்சு. டீத்தூள்ல பீஓபின்னா பெருசு, டஸ்டுன்னா மாவு மாதிரி, எங்க தொழில்ல அது தெரியும்ல. தூளு கூடினா பாதம் கனத்துப் போகும், பொடக்குன்னு வெடிக்கும். கொறஞ்சா கல்லுல தேயும். கத்தாழை நாரு தான் பாரத்தத் தாங்குறது, தூளு அடிப்பாகத்துக்கு மட்டும்.

ரெண்டு பாதம் செஞ்சாங்க. ஒண்ண ஒடச்சாங்க. ஒடஞ்ச வாய் நல்லா இருந்துச்சு. மத்தத அம்மாவுக்கு மாட்டி, கீழ ரப்பர் செருப்ப வெட்டி ஒட்டிக் குடுத்தாங்க. அம்மா நடந்தாங்க. கோயிலுக்குப் போனாங்க. மூணு வாரம் எங்க வீட்டுல திருவிழா மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மழை புடிச்சுச்சு. ஒரு காலையில அம்மா தண்ணி புடிக்கிற பீலிக்குப் போற வழியில கால் மடிஞ்சு தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துட்டாங்க. நெத்தியில ரத்தம். பாதம் குதிகால்ல ரெண்டாப் பொளந்து கெடக்கு.

நான் அண்ணியப் பாத்துக் கத்தினேன். "எங்கம்மா என்ன ஒங்களுக்குப் பட்டறையா? ஒங்க அம்மாவா இருந்தா இப்படி செஞ்சு பாப்பீங்களா?"

அண்ணிக்கு அம்மா இல்ல. சின்ன வயசுலயே போயிட்டாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தான் சொன்னேன்.

அண்ணி போயி அம்மா நெத்திய தொடச்சு கட்டுப் போட்டாங்க. அப்புறம் பொளந்த பாதத்த எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. வெட்டின ஓரத்துல நாரு முனை தெரிஞ்ச எடத்துல தண்ணி உள்ள போயி, நாரு ஊறி உப்பி, ரெசின விட்டுக் கழண்டிருந்துச்சு.

"நான் காஞ்சத ஒடச்சுப் பாத்தேன்," அப்புடின்னாங்க, யாருக்கிட்டயும் இல்லாம. "அத்த ஈரத்துல நடந்தாங்க."

மறுநாளே மறுபடி ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவ நார சலவைச் சோடா கரைச்ச தண்ணியில போட்டு, கழுவி, நல்லாக் காய வைக்கணும்னாங்க. அதுக்குள்ள ஈரம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. எங்க காயிறது? ரெண்டு வாரமா வெயிலே இல்ல. மூடுபனி வீட்டுக்குள்ள வந்து படுத்துக் கெடக்கு.

அவங்களப் பாத்துக் கத்தினதுக்கு ஏதாவது செய்யணும்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மன்னிப்புக் கேக்க வாய் வரல. அதுனால அவங்களுக்குச் சொல்லாம நார எடுத்துக்கிட்டுப் போயி, ஸ்டோருல கொழுந்து வாட்டுற மேல் மாடியில, சூடு காத்து வர்ற எடத்துல கம்பியில தொங்க விட்டுட்டேன். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும். நாங்க தலையில மல்லியப்பூ வச்சுக்கிட்டு உள்ள போக முடியாது. சோப்பு வாசத்துக்கே திட்டு விழும். இது எல்லாம் தெரிஞ்ச நானே அதச் செஞ்சேன். எம் புத்தி அன்னைக்கு எங்க போச்சோ.

மறுநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா ருசி பாக்க டீயக் கோப்பையில ஊத்தி வாயில வச்சாரு. த்தூன்னு துப்பினாரு.

"எவண்டா இதுல ஊறப்போட்ட கயித்த அவிச்சது?"

மேல போயி நாரக் கண்டுபுடிச்சுட்டாரு. நான் முன்னால போயி நின்னேன். சேதி கேட்டு அண்ணி ஓடியாந்தாங்க. செருப்பு கூட இல்ல கால்ல.

"ஐயா, நான் தான் காய வைக்கச் சொல்லிக் குடுத்தேன். அது சின்னப் புள்ள, சொன்னதச் செஞ்சிருக்கு."

"ஒனக்கு ஸ்டோரு என்ன கொடிக்கயிறா?"

அண்ணி பையில இருந்து அந்தப் பொளந்த பாதத்த எடுத்து அவர் மேசையில வச்சாங்க. "எங்க அத்தைக்கு செஞ்சது ஐயா. ஈரம் இந்த வழியாத்தான் பூந்திருக்கு. நாரு சரியாக் காயல."

ஐயா அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. அவருக்கு எதையும் மோந்து பாக்குற பழக்கம்.

"ஒரு பாதத்துக்கு எத்தன நாளு காயணும்?"

"நசுக்கினா சருகு மாதிரி சத்தம் வரணும் ஐயா."

"வாட்டுற பக்குவம் எனக்கே சொல்றியா நீ?" அப்புடின்னு மொறச்சாரு. அந்தத் தேயிலைக் குவியல தனியா ஒதுக்கச் சொன்னாரு. அப்புறம், "வெளிய வெறகு போடுற அடுப்புப் பக்கம் சொவத்துல கட்டு. இந்த வாசலத் தாண்டி ஒரு நாரு உள்ள வந்துச்சு, நாத்தனாரும் அண்ணியும் சேந்து வீட்டுக்குப் போயிருங்க," அப்புடின்னுட்டுப் போயிட்டாரு.

வெளிய வந்து நான் அழுதேன். "ஏன் அண்ணி ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீ கத்துனது சரிதான்டீ," அப்புடின்னாங்க. நான் கேட்டது ஒண்ணு, அவங்க சொன்னது ஒண்ணு. எம் முந்தானையாலயே என் மூக்கத் தொடச்சு விட்டாங்க.

அந்தத் தடவ நாரு முனை ஒண்ணு கூட வெளிய தெரியாம உள்ள மடிச்சு, மேல தூளும் ரெசினும் கலந்து பூசினாங்க. ஒடைக்கப் போற பாதத்த மொதல்ல சேத்துத் தண்ணி வாளியில ஊறப் போட்டாங்க. மூணு வாரம். தெனமும் எடுத்துத் தொடச்சு, கடையில சீனி நிறுக்கிற தராசுல கொண்டுபோயி வைப்பாங்க. தண்ணி குடிச்சிருந்தா நெறை ஏறும்ல. கடைக்காரரு கேலி பண்ணுவாரு, "என்ன பைபரு, மாமியா காலு இன்னைக்கு எவ்வளவு?"

"நேத்து நின்ன எடத்துலயே தான் நிக்கிது அண்ணே."

"ஒன் மாமியாவும் அப்படித்தானே, ஒரு சொல்லு எறங்க மாட்டாங்க."

மூணு வாரம் கழிச்சு, ஊறின பாதத்து மேல அண்ணன் உர மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு ஏறிக் குதிச்சுச்சு. லயமே வேடிக்கை பாத்துச்சு. "ஒடையிற வரைக்கும் குதிங்க!"ன்னு அண்ணி. "இடுப்பு போயிரும் போலயே!"ன்னு அண்ணன். "இடுப்புக்கு வேற செஞ்சு தர்றேன், குதிங்க!" கடைசியில பாதம் ஒடஞ்சுச்சு. அண்ணி தூக்கி வாயப் பாத்தாங்க. நாரு எல்லாம் ஒரே எடத்துல அறுந்திருந்துச்சு, உள்ள காஞ்சே இருந்துச்சு. அம்மா வாசப்படியில ஒக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மாவே கைய நீட்டி, "மத்தத கொண்டா புள்ள"ன்னாங்க.

அந்தப் பாதத்துல அம்மா ஒரு வருஷத்துக்கு மேல நடக்குறாங்க. மலைக்குப் போயி கொழுந்து பறிக்க முடியல. ஆனா மேட்டுல ஏறி நின்னு பறிக்கிறவங்களோட வாயடிச்சுட்டு வருவாங்க. மழை பேஞ்ச ராத்திரிக்கு மறுநாள் காலையில அண்ணி அம்மா காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு குதிகால்ல வெடிப்பு இருக்கான்னு நகத்தால தடவிப் பாக்காம அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்ன அண்ணிக்கு காய்ச்சல். சாதாரண காய்ச்சல்னு நெனச்சோம். நாலாவது நாள் கண்ணு மஞ்சளாச்சு. எலிக்காய்ச்சல்னாங்க, கிட்னியப் புடிச்சுருச்சுன்னாங்க. டாக்டர்மாரு செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாங்க.

கடைசியா நான் ஆஸ்பத்திரியில போயி பாத்தப்ப அவங்களுக்குப் பேச்சு மெதுவா வந்துச்சு. அன்னைக்கு அந்த வார்த்தைய சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு பஸ்ஸுல மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவங்க கேட்டாங்க, "ரெண்டு நாளா மழையாமே. அத்த குதிகாலப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. ஒண்ணும் இல்ல."

நான் பாக்கல. பொய் சொன்னேன். அவங்க கண்ண மூடிக்கிட்டு தலைய ஆட்டினாங்க. வீட்டுக்கு ஓடியாந்து அம்மா கால எடுத்து வச்சு, அவங்க மாதிரியே நகத்தால தடவிப் பாத்தேன். நெசமாவே ஒண்ணும் இல்ல. நாளைக்குப் போயி நெசமாவே பாத்துட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். விடியிறதுக்குள்ள போன் வந்துருச்சு.

எங்க தோட்டத்து மயானம் மலை உச்சியில, தேயிலைக்கு நடுவுல. பொம்பளைங்க முச்சந்தி வரைக்கும் தான் போவோம். அதுக்கு மேல ஆம்பளைங்க மட்டும். அன்னைக்கும் அந்த எடத்துல எல்லாரும் நின்னுட்டோம். அண்ணிய மேல தூக்கிக்கிட்டுப் போனாங்க. எங்கம்மா நிக்கல. கம்ப ஊனிக்கிட்டு பின்னாடியே ஏற ஆரம்பிச்சுட்டாங்க.

மாமா ஓடியாந்து மறிச்சாரு. "அக்கா, பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது. மழை வேற, வழுக்கும். திரும்பு."

"நீங்க எல்லாரும் நில்லுங்கடா. எனக்கு இந்தக் கால செஞ்சவ அங்க போறா."

மாமா வழி விட்டுட்டாரு. செம்மண்ணுல வெட்டின படிக்கட்டு, தண்ணி ஓடுது. நான் போயி கையப் புடிச்சேன், ஒதறிட்டாங்க. அதுனால பின்னாடியே போனேன். எனக்கு முன்னால அந்தப் பாதம் ஒவ்வொரு படியிலயும் டக்குன்னு விழுந்து நிக்கிது, மறுபடி எந்திரிக்கிது. ஒரு எடத்துலயும் சறுக்கல, மடியல. என் செருப்பு ரெண்டு தடவ வழுக்கிருச்சு. உச்சிக்கு வந்து அம்மா நிமிந்து நின்னாங்க. அது வரைக்கும் கண்ணுல ஒரு சொட்டு தண்ணி விடாம இருந்த எங்கண்ணன், அம்மா ரெண்டு கால்ல அங்க நிக்கிறதப் பாத்துட்டு தான் ஓன்னு அழுதுச்சு. அம்மா மூணு கை மண்ணு போட்டாங்க.

இதப் படிக்கிறவங்க எந்தச் சாமிய கும்புடுறவங்களா இருந்தாலும் சரி, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, அடுத்த தடவ கைய ஏந்தும்போது எங்க பைபர் அண்ணியையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க. அவங்க போன எடத்துல நோவு இல்லாம இருக்கணும்னு எல்லாரும் வேண்டிக்கங்க.